உண்ணிக் காய்ச்சல் மூளையைத் தொடும்போது: வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

இரண்டு நாளில் விட்டுவிடும் என்று நினைத்த காய்ச்சல் ஒரு வாரத்தைத் தாண்டிவிடுகிறது. எட்டாம் நாளோ பத்தாம் நாளோ, படுத்திருப்பவரைக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது அடைத்துக்கொண்டது என்கிறார். அல்லது சுவரில் ஒரு கடிகாரம் இருக்க, இரண்டு தெரிகிறது என்கிறார். அல்லது கஞ்சி கொண்டுவந்த மருமகளைப் பார்த்து ‘நீ யாரம்மா?’ என்கிறார். வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கத்தில் ஆவணிக்கும் மாசிக்கும் இடையில் இப்படி ஒருவர் வீட்டில் படுத்திருந்தால், மூளைக் கட்டி, பக்கவாதம் என்றெல்லாம் பயப்படுவதற்கு முன் உண்ணிக் காய்ச்சலை நினைக்க வேண்டும். மருத்துவர்கள் இதை ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள்.

நான் மருத்துவர் அல்ல. அரசு மருத்துவமனைகளில் காய்ச்சல் வார்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மருந்து எழுதுவது என் வேலையாக இருந்ததில்லை. நோயாளியைப் புரட்டித் துடைத்து உடை மாற்றுவதுதான் என் வேலை. இந்த ஒரு நோயில் துடைப்பவளின் கண்ணுக்குத்தான் துப்பு முதலில் கிடைக்கும். வீட்டில் அந்த இடத்தில் இருப்பவர் நீங்கள். ஆகவே உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

கிருமி எங்கே போய் உட்காருகிறது

இது வைரஸ் அல்ல, பாக்டீரியா. ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்று நீளமான பெயர். புல்லிலும் புதரிலும் வாழும் ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடிக்கும்போது உள்ளே வருகிறது. மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் நாம் பிடுங்கிப் போடும் உண்ணி வேறு. இந்தக் குஞ்சு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். கடித்தது தெரியாது, வலிக்காது. வழக்கமாக எலியையும் மூஞ்சூறையும் நம்பிப் பிழைக்கும் பிராணி. புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் வரப்பில் உட்கார்ந்து சாப்பிடவும் போகிற மனிதர் வழியில் கிடைத்தால் அவரையும் விடுவதில்லை. கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். அதற்குள் எந்த வரப்பில் உட்கார்ந்தோம் என்பதே மறந்திருக்கும்.

உள்ளே வந்த கிருமி இரத்தக் குழாய்களின் உட்சுவரில் குடியேறுகிறது. சுவர் வீங்கிக் கசிகிறது. இரத்தக் குழாய் ஓடாத உறுப்பு அநேகமாக இல்லை என்பதால், எங்கே கசிகிறதோ அங்கே கோளாறு. நுரையீரலில் கசிந்தால் மூச்சுத் திணறல். மூளையிலும் மூளை உறையிலும் என்றால் கடும் தலைவலி, பிதற்றல், வலிப்பு. காது நரம்பைத் தொட்டால் செவிட்டுத்தனம், கண்ணை அசைக்கும் நரம்பைத் தொட்டால் இரட்டைப் பார்வை. நரம்பு மண்டலத் தொல்லைகள் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில்தான் தலைகாட்டும். மருந்து தொடங்காமல் முதல் வாரம் போய்விட்டால் ஆபத்து கூடுகிறது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் மழைக்காலம்தோறும் மூளைக்காய்ச்சலில் குழந்தைகள் இறந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். வெகுகாலம் எல்லாப் பழியும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் மேல் இருந்தது. அதற்குத் தடுப்பூசி போட்ட பிறகும் சாவு நிற்கவில்லை. பின்னர், சென்னையில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் சேர்ந்து ஆராய்ந்தபோது, அந்தக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் உண்ணிக் காய்ச்சல் கிருமியின் தடயம் கிடைத்தது. சில ரூபாய் மாத்திரைக்கு அடங்கும் கிருமி அது. அதன்பின் அங்கே, காய்ச்சலோடு வரும் குழந்தைகளுக்கு மூளை பாதிக்கும் வரை காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்தைத் தொடங்கும் வழிமுறை வந்தது. நம் ஊரிலும் இந்த நோய் அரிதல்ல. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் நம் வடமாவட்டக் கிராமங்களிலேயே ஆண்டுக்கணக்கில் வீடு வீடாகப் போய் ஆய்வு செய்திருக்கிறார்கள்; மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போகும் காய்ச்சல்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று கண்டிருக்கிறார்கள்.

முதலில் உடம்பைத் தேடுங்கள்

கடித்த இடத்தில் ஒரு பொருக்கு உண்டாகும். நடுவில் கறுப்பு, ஓரத்தில் சிவப்பு வளையம், பீடி நெருப்புப் பட்டுக் காய்ந்த இடம் போல. சில மில்லிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால்தான் நோயாளிக்கே அது இருப்பது தெரியாது. ‘எங்காவது புண் இருக்கிறதா?’ என்று கேட்டு, ‘இல்லை’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு போவதில் பயனில்லை. கேட்கக் கூடாது, பார்க்க வேண்டும்.

சிற்றுண்ணிக் குஞ்சுக்குப் பிடித்தமான இடங்கள் துணி இறுக்கிப் பிடிக்கும் இடங்களும் தோல் மடியும் இடங்களும். ஆண்களுக்கு அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு. பெண்களுக்கு மார்பின் அடிப்புறம், வயிறு, பாவாடை நாடா அழுத்தும் கோடு. இரு சாராருக்கும் பொதுவாகத் தொப்புள், பிட்டம், முழங்காலின் பின்புறம், காதின் பின்புறம், பிடரியில் முடி தொடங்கும் இடம். குழந்தை என்றால் தலைமுடியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பகல் வெளிச்சத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, துணியை முழுவதும் விலக்கிப் பாருங்கள். இருட்டு வீடாக இருந்தால் செல்பேசி விளக்கு போதும். பெண்ணுக்குப் பெண் பார்க்கட்டும். மாமியாருக்கு மருமகள் பார்ப்பதில் கூச்சம் இருந்தால் மகளைக் கூப்பிடுங்கள். மார்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும், தொடையை அகட்டிப் பார்க்க வேண்டும், தாயத்தையும் கயிற்றையும் நகர்த்திப் பார்க்க வேண்டும்.

கயிறு என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். கரும்பு வெட்டும் நடுவயதுக்காரர். விடாத காய்ச்சல், தலைவலி, இரண்டு காதும் மந்தம். ‘உடம்பெல்லாம் பார்த்துவிட்டேன் சிஸ்டர், ஒன்றுமில்லை’ என்றார் அவர் மனைவி. இடுப்பில் வியர்வை ஊறிக் கறுத்த அரைஞாண் கயிறு. அதை ஒரு விரல் அகலம் மேலே தள்ளினேன். கயிறு பதிந்திருந்த தடத்திலேயே, இடது இடுப்பெலும்பின் மேல், கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் தோல் சிவந்து, மெல்லிய செதில் உரிந்திருந்தது. ‘அது கயிறு உராய்ந்த புண்’ என்றார் அந்த அம்மா. உராய்ந்த புண்ணை அழுத்தினால் வலிக்கும். இதை அழுத்தியபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், முகம் சுளிக்கவில்லை. கீழே தொடை இடுக்கில் நெறிகட்டியிருந்தது. அன்றே மருத்துவர் மருந்தை மாற்றினார்.

ஈரமான மடிப்புகளில் பொருக்கு கறுப்பாக இருக்காது. மேல்தோல் நீங்கி, அடியில் வெளிறிய மஞ்சளாக ஆழமில்லாத புண்ணாகத் தெரியும். சேற்றுப்புண், உராய்வு என்று ஒதுக்கிவிடாதீர்கள். எதைக் கண்டாலும் படம் எடுத்து வையுங்கள். பொருக்கைக் கிள்ளாதீர்கள், அந்தப் பொருக்கையே எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு அனுப்பும் வசதி சில மருத்துவமனைகளில் உண்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி மறைத்துக் கூட்டிவருபவர்கள் இருக்கிறார்கள். அதைக் கழுவி எடுக்கவே எங்களுக்கு அரை மணி நேரம் ஆகும்.

தேடியும் கிடைக்கவில்லையா? நோய் இல்லை என்று அர்த்தமில்லை. பொருக்கே இல்லாமல் நோய் முற்றி வருபவர்கள் ஏராளம். கிடைத்தால் துப்பு, கிடைக்காவிட்டால் சந்தேகம் அப்படியே நிற்கிறது. அவ்வளவுதான்.

காது, கண், கை, நடை

காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால், காலையும் மாலையும் சில நிமிடம் செலவழித்து இவற்றைப் பாருங்கள்.

காதுதான் என் பட்டியலில் முதல். காய்ச்சலோடு திடீரென்று காது மந்தமாவது மற்றக் காய்ச்சல்களில் அதிகம் காணாதது. உண்ணிக் காய்ச்சலில் அடிக்கடி காண்பது. காய்ச்சலில் காது அடைப்பது சகஜம் என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், நோயாளி உட்பட. பின்புறம் நின்று, அவர் உங்கள் வாயைப் பார்க்க முடியாதபடி, மெல்லிய குரலில் ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு ஒவ்வொரு காதுக்கு அருகிலும் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தேய்த்துக் காட்டுங்கள். இரைச்சல் கேட்கிறது என்று சொன்னாலும் குறித்துக்கொள்ளுங்கள். காதில் எண்ணெய் விட வேண்டாம். கோளாறு அழுக்கில் இல்லை, நரம்பில் இருக்கிறது.

கண்ணுக்கு: தலையை அசைக்காமல் உங்கள் விரலைப் பார்வையால் பின்தொடரச் சொல்லுங்கள். விரலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் கொண்டு போங்கள். ஒரு கண் வெளிப்பக்கம் போகாமல் நடுவிலேயே நின்றுவிட்டால், அல்லது உருவம் இரண்டாகத் தெரிந்து ஒரு கண்ணைப் பொத்தினால் ஒன்றாகிவிட்டால், கண்ணசைவு நரம்பு சம்பந்தப்பட்டிருக்கிறது என்று பொருள். கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள்.

இதைவிட அரிதான ஒன்று உண்டு. முதன்முதலில் பார்ப்பவர் திகைத்துவிடுவார். கருவிழி இரண்டும் சேர்ந்தே மேலே, கீழே, பக்கவாட்டில், குறுக்கே என்று ஓரிடத்தில் நில்லாமல் துள்ளும். கண்ணை மூடச் சொன்னாலும் இமைக்கடியில் அந்தத் துடிப்பு தெரியும். கூடவே கைகால்கள் திடுக்திடுக்கென்று உதறும், உட்கார வைத்தால் தலை ஆடும், எழுந்தால் வாந்தி. ஒரு கல்லூரி மாணவனைப் பெற்றோர் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு அழைத்துவந்தார்கள். ‘கண்ணைத் திறந்தால் அறை குலுங்குகிறது’ என்றான். புத்தி தெளிவாக இருந்தது, பெயர், ஊர் எல்லாம் சரியாகச் சொன்னான். கண் மட்டும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. இத்தகைய நோயாளிகளைப் பற்றி வேலூர் மருத்துவர்கள் ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. வீட்டார் செய்ய வேண்டியது, அந்தக் கண்ணசைவைச் செல்பேசியில் சற்று நேரம் காணொளியாக எடுத்து வைப்பது. மருத்துவமனைக்குப் போகும் நேரத்தில் குறைந்துவிட்டால், வாயால் சொல்லி அதை விளங்கவைக்க முடியாது.

மூளை உறையைப் பார்க்க, மல்லாந்து படுத்தபடி மோவாயை நெஞ்சில் தொடச் சொல்லுங்கள். தொட முடியாமல் பிடரி விறைத்தால் தாமதிக்கக் கூடாது. புத்தித் தெளிவை அறிய ‘நன்றாக இருக்கிறீர்களா?’ என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் ‘ம்’ என்றுதான் சொல்வார்கள். இன்று என்ன கிழமை, மதியம் என்ன சாப்பிட்டீர்கள், பேத்தி எந்த வகுப்பு என்று கேளுங்கள். கண்ணை இறுக மூடச் சொல்லி, ஒரு பக்க இமை மூடாமல் நிற்கிறதா, வாய் கோணுகிறதா என்று பாருங்கள். எழுந்து நிற்க முடிந்தால் நேர்கோட்டில் நான்கடி நடக்கச் சொல்லி, விழாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசியாக எல்லோரும் மறக்கும் ஒன்று: சிறுநீர். தண்ணீர் குடித்தும் அரை நாளாகச் சிறுநீர் போகவில்லை, அடிவயிறு உப்பியிருக்கிறது என்றால் சிறுநீரகம் மட்டுமல்ல, முதுகுத்தண்டும் காரணமாகலாம்.

இவற்றில் எது ஒன்று புதிதாகத் தோன்றினாலும் அன்றே மருத்துவமனை. இரவானாலும் 108-ஐ அழையுங்கள்.

வீட்டில் சொல்லப்படும் காரணங்கள்

குடிக்கும் பழக்கம் உள்ளவர் காய்ச்சலில் பிதற்றினால், ‘நாலு நாளாகக் குடிக்கவில்லை, அதனால் உளறுகிறார்’ என்பார்கள். இருக்கலாம். குடியை நிறுத்தினால் உளறல் வரும்தான். ஆனால் குடிப்பவரையும் சிற்றுண்ணி கடிக்கும். உளறலோடு விடாத காய்ச்சலும் இருந்தால் பழக்கத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

வயதானவருக்குக் கை நடுங்கினாலும் தடுமாறினாலும் ‘வயசாகிவிட்டது’ என்பார்கள். வயது ஒரே வாரத்தில் ஏறிவிடுவதில்லை.

வயதுப் பெண் சம்பந்தமில்லாமல் சிரித்தாலோ கத்தினாலோ மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். வேப்பிலை அடிப்பதற்கு நான் விரோதி அல்ல. மருத்துவமனைக்குப் போகும் வழியில் கோவில் இருந்தால் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு வரட்டும். ஆனால் பரிகாரம் முடிய மூன்று நாள் ஆகும் என்று யாராவது சொன்னால், அந்த மூன்று நாளை இந்த நோய் தராது.

வலிப்பு வந்தால்

கையில் இரும்புச் சாவியைக் கொடுக்காதீர்கள். வலிப்பு தானாகத்தான் நிற்கிறது. சாவிக்குப் பெயர் கிடைக்கிறது. வாயில் கரண்டி, துணி, விரல் எதையும் திணிக்க வேண்டாம், பல் உடையும், மூச்சு அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, இடிக்கக் கூடிய பொருள்களை நகர்த்துங்கள். கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். காய்ச்சலோடு வரும் வலிப்பு ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டாலும் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். முழு நினைவு திரும்பும் வரை தண்ணீர்கூட ஊற்றக் கூடாது.

மருத்துவரிடம் என்ன சொல்வது

புறநோயாளிப் பிரிவில் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. ‘காய்ச்சல், உடம்பு வலி, சாப்பிடவில்லை’ என்று தொடங்கினால் அதிலேயே முடிந்துவிடும். வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் இப்படிச் சொல்லுங்கள்: ‘டாக்டர், காய்ச்சல் தொடங்கி இன்று ஒன்பதாம் நாள். நேற்று மாலையிலிருந்து காது கேட்கவில்லை. இடுப்பில் வலியில்லாத கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கிறது. தினமும் ஏரிக்கரையில் புல் அறுப்பவர். இதுவரை இந்த மாத்திரைகள் கொடுத்தோம்.’ பழைய மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டு போங்கள். வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை என்று சொல்வதால் எவருக்கும் எதுவும் விளங்காது.

பிறகு ஒரு கேள்வி: ‘இது உண்ணிக் காய்ச்சலாக இருக்குமா, டாக்டர்?’ மரியாதையாகக் கேட்டால் கோபித்துக்கொள்ளும் மருத்துவர் மிகக் குறைவு. கோபித்தாலும் கேள்வி அவர் காதில் விழுந்துவிட்டது.

இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவதால் டெங்கு என்று தோன்றும். கல்லீரல் பரிசோதனை எண்கள் ஏறுவதால் மஞ்சள்காமாலையோ எலிக்காய்ச்சலோ என்று தோன்றும். மூளை உறை அழற்சி என்று கண்டு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி, பல பாக்டீரியாக்களுக்கு நல்ல மருந்து. ஆனால் அந்த வகை மருந்துகள் பாக்டீரியாவின் சுவரைக் குறிவைப்பவை. உயிரணுவுக்குள் பதுங்கி வாழும் இந்தக் கிருமியிடம் அவை செல்லாது. ஊசி ஏறிக்கொண்டே இருக்கும், காய்ச்சலும் நீடித்துக்கொண்டே இருக்கும்.

இரத்தப் பரிசோதனையில் இப்போது பெரும்பாலும் ஐஜிஎம் எலிசா செய்கிறார்கள்; கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனை அது. முதல் சில நாள்களில் அது ‘இல்லை’ என்று காட்டலாம். நோய் எதிர்ப்புப் பொருள் உருவாகச் சுமார் ஒரு வாரம் வேண்டும். அதனால் மூன்றாம் நாள் எடுத்த அறிக்கையை எட்டாம் நாள் நீட்டி ‘அதுதான் இல்லை என்று வந்துவிட்டதே’ என்று வாதாடாதீர்கள். சிறிய ஆய்வகங்களில் வெயில் ஃபெலிக்ஸ் என்ற பழைய சோதனை இன்னும் ஓடுகிறது. அது நோயைத் தவறவிடுவது அதிகம்; அதன் ‘இல்லை’யை நம்பி நிம்மதி அடைய வேண்டாம்.

முதுகில் நீர் எடுப்பது

கையெழுத்துக் கேட்டதும் குடும்பமே வராந்தாவில் கூடி நின்று மறுக்கும் பரிசோதனை இதுதான். ‘முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காது’ என்று யாரோ ஒரு பெரியப்பா சொல்லியிருப்பார். முதுகுத்தண்டு நரம்பு மேல் இடுப்புப் பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே, நீர் மட்டும் இருக்கும் பையில், தனித்தனி நரம்பு இழைகள் மிதக்கும் இடத்தில் செல்கிறது. பக்கவாட்டில் படுத்து, முழங்காலை வயிற்றோடு ஒட்டி, முதுகை வளைத்து அசையாமல் இருக்க வேண்டும். பிதற்றும் நோயாளியின் தோளையும் முழங்காலையும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, காதருகே பேசிக்கொண்டே இருப்பது என் வேலை. உறவினர் ஒருவர் அருகில் இருந்தால் நோயாளி அடங்குவார்; அழுகிறவரை அனுப்பாதீர்கள். சிலருக்குப் பிறகு ஓரிரு நாள் தலைவலி இருக்கும், படுத்தால் குறையும். ஊசிக்கு முன் தட்டணு எண்ணிக்கையையும் தேவைப்பட்டால் ஸ்கேனையும் மருத்துவர் பார்த்துக்கொள்வார். அதற்காகத் தாமதம் ஆனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நீரில் வெள்ளணுக்கள் கூடியிருக்கும், புரதம் ஏறியிருக்கும், சர்க்கரை சரியாகவோ சற்றுக் குறைந்தோ இருக்கும். மூளை டி.பி.யிலும் ஏறக்குறைய இதே சாயல்தான் வரும். வேறுபாட்டைக் காட்டும் தகவல்களில் ஒன்று உங்களிடம்தான் இருக்கிறது: காய்ச்சல் தொடங்கிய நாள். டி.பி. பல வாரங்களாக மெல்ல மெல்ல ஏறி வரும். உண்ணிக் காய்ச்சலில் எல்லாம் ஒன்றிரண்டு வாரத்துக்குள் நடந்திருக்கும். ‘ரொம்ப நாளாகவே சுமாராகத்தான் இருந்தார்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், ஓராண்டு வரை டி.பி. மருந்து சாப்பிட வேண்டிய பக்கம் அவரை நீங்களே தள்ளிவிடுகிறீர்கள். தீபாவளிக்கு முந்தின நாள், ரேஷன் வாங்கிய அன்று என்று ஏதாவது ஓர் அடையாளம் வைத்து நாளை எண்ணுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சரியாக இருக்கிறது என்று வந்தால், மூளைக்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நோயில் பலருக்கு ஸ்கேன் சரியாகத்தான் இருக்கும்.

மருந்து

இதற்கு முதலில் வேலை செய்த மருந்து குளோரம்பெனிக்கால். 1948-இல் கோலாலம்பூரில் நோயாளிகளிடம் அது நிரூபிக்கப்பட்டது. அதற்கு முன், இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லைக் காடுகளில் கிடந்த சிப்பாய்களுக்கு இந்த நோய் வந்தபோது, பராமரிப்பைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்று டாக்சிசைக்ளின். பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மி.கி. இருவேளை, ஒரு வாரம் வரை. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். குழந்தைகளுக்கு எது, எவ்வளவு என்பதை எடை பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு மருந்துக் கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்க வேண்டாம். பிதற்றுபவருக்கு மாத்திரை போதாது, ஊசி மூலம் இரத்தக் குழாய் வழியே ஏற்ற வேண்டும், விழுங்கவைத்தால் புரையேறும். நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ஏற்றுவது நல்லதா என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று இந்தியாவில் ஏழு மருத்துவமனைகளில் சுமார் 800 பேரிடம் ஆராய்ந்தார்கள். 2023-இல் வெளியான முடிவு: சேர்த்துக் கொடுத்தவர்களிடம் நீடிக்கும் சிக்கல்கள் குறைவு, இறப்பு விகிதத்தில் வேறுபாடு இல்லை.

சரியான மருந்து ஏறினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விடும். வார்டில் அது எங்களுக்கே ஓர் அளவுகோல். ஆனால் காதும் கண்ணும் அந்த வேகத்தில் திரும்பாது. காய்ச்சல் விட்டும் காது கேட்கவில்லையே என்று மருத்துவமனையை மாற்றாதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் மீதமுள்ள டாக்சிசைக்ளினைச் சாப்பாட்டுக்குப் பிறகு, உட்கார்ந்து, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ஒரு மடக்கில் விழுங்கிவிட்டுப் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். நெஞ்செரிச்சலோடு திரும்பி வருவார்கள். பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் வயிற்றெரிச்சல் டானிக்கோடும் சேர்த்துக் கொடுக்காதீர்கள், மருந்து உடம்பில் சேராது. உச்சி வெயிலில் நிற்க வேண்டாம், தோல் எளிதில் கறுத்துச் சிவக்கும்.

வீடு திரும்பிய பிறகு

காது பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தேறுகிறது. சிலருக்கு முழுமையாகத் தேறாது. அதனால் ஒரு மாதத்தில் காது மருத்துவரிடம் கேட்புத் திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இடைக்காலத்தில் கத்திப் பேசாதீர்கள். முகத்துக்கு எதிரே நின்று மெதுவாகப் பேசுங்கள். இரட்டைப் பார்வை இருக்கும்வரை வண்டி ஓட்டுவதும் ஏணி ஏறுவதும் கிணற்றடிப் பக்கம் தனியாகப் போவதும் கூடாது. ஒரு கண்ணை மூடினால் தலைசுற்றல் குறையும். எந்தக் கண், எவ்வளவு நேரம் என்பதைக் கண் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தள்ளாட்டம் உள்ளவரைக் குளியலறைக்குத் தனியே அனுப்ப வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து குளிக்கவையுங்கள். வலிப்பு மாத்திரையை ‘இப்போதுதான் வலிப்பே இல்லையே’ என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மறதியும் எரிச்சலும் சோர்வும் சில வாரம் இழுக்கும். வேலைக்குப் போகாமல் சாக்குச் சொல்கிறார் என்று ஏசாதீர்கள்.

ஒன்றை மட்டும் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால்கள் மரத்துப்போவது, படியேற முடியாமல் போவது, பலவீனம் காலிலிருந்து மேலே ஏறுவது அரிதாகச் சிலருக்கு நேர்கிறது. நோய் எதிர்ப்பு ஆற்றலே நரம்பைத் தாக்கும் கோளாறு அது. மூச்சுத் தசை வரை ஏறினால் உயிருக்கு ஆபத்து. சத்துக் குறைவு என்று டானிக் வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். பழைய டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் கொண்டு போக வேண்டும்.

ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வராது என்பதும் இல்லை. கிருமியில் பல வகை உண்டு. நாய்க்கு உண்ணி மருந்து போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நாய்க்கு நல்லது, இந்த நோய்க்குச் சம்பந்தமில்லை. துவைத்த துணியைப் புல்லிலும் வேலிப் புதரிலும் உலர்த்தாமல் கொடியில் போடுங்கள். வயலில் வெறுந்தரையில் உட்காராமல் பாயோ சாக்கோ விரித்துக்கொள்ளுங்கள். புல் அறுத்துவிட்டு வந்ததும் குளித்து, போட்டிருந்த துணி, உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் துவையுங்கள். குளிக்கும்போது அக்குளையும் இடுப்பையும் தேய்க்கத் துணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். விறகுக் கட்டை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கினால் எலி குடியேறும், தள்ளி அடுக்குங்கள்.